கூடி ஆடும் பொழுது

வன்னி நிலத்தில் வேளாண்மையை ஒட்டியே விளையாட்டும் வளர்ந்தது. இரணைமடு, முத்தையன்கட்டு முதலிய குளங்களின் நீரால் விளைந்த நெல் அறுவடையாகிய பின்னர், வெறுமையாய்க் கிடந்த வயல்களிலே நிலவொளியில் கிளித்தட்டு ஆடினர். மழை பெய்யுங் காலத்தில் விறாந்தையிலே தாயமும், பல்லாங்குழியும், நாயும் புலியும் இடம்பெற்றன. இவ்விளையாட்டுகளுக்கெல்லாம் பொதுவான பண்பு ஒன்று உண்டு. அவை வயது வேறுபாட்டைப் பாராட்டுவதில்லை. சோகியை உருட்டும்பொழுது அம்மம்மாவும் பேரனும் ஒரே விதிக்கு அடங்கியவர்களே. பேரன் தன் காயை வெட்டிவிட்டான் என்று அம்மம்மா சினங்கொள்ள இயலாது. முறை வரும்வரை பொறுத்திருத்தல், எண்ணிக் கணித்தல், தோல்வியைச் சிரிப்போடு ஏற்றல் ஆகிய மூன்றையும் பிள்ளைகள் ஏடின்றியே கற்றுக்கொண்டனர்.

இன்றோ வீடுகளில் வேறு வகையான விளையாட்டு புகுந்துள்ளது. வீடியோ விளையாட்டு என்ற பெயரைக் கேட்டதும் பெற்றோர் பலர் முகஞ் சுளிக்கின்றனர். பிள்ளையை மூலையில் தனித்திருக்கச் செய்வது அது என்பது அவர்தம் குறை. இக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், அவ்விளையாட்டின் வரலாற்றை நோக்கின், தனிமை அதன் பிறவிக்குணம் அன்று என்பது புலப்படும்.

1958 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புறூக்கேவன் ஆய்வுகூடத்தில் வில்லியம் ஹிகின்போதம் என்னும் அறிவியலாளர், ஆய்வுகூடத்தைப் பார்க்க வருவோர் சலிப்படையாதிருக்கும் பொருட்டு ஒரு விளையாட்டை அமைத்தார். சிறு வட்டத் திரையில் ஓர் ஒளிப்புள்ளி பந்தாக எழுந்து விழும். எதிரெதிரே இருவர் நின்று அதனை அடிப்பர். ஒருவர் மட்டும் ஆடுதற்கு அங்கே வழியில்லை. 1972 இல் வெளிவந்து புகழ்பெற்ற பொங் என்னும் விளையாட்டும் இருவர்க்குரியதே. 1983 யூலை 15 இல் யப்பானின் நின்டெண்டோ நிறுவனம் வெளியிட்ட கருவிக்குக் குடும்பக் கணினி என்றே பெயர். இரண்டு கைப்பிடிகள் அதனோடு பிணைக்கப்பட்டே வந்தன. வாங்குபவர் இரண்டாமவரையும் தேடி அருகில் இருத்தவேண்டும் என்பது அதன் அமைப்பிலேயே அடங்கியிருந்தது.

அதே யூலை மாதத்தின் இறுதி வாரத்தில் இலங்கையில் இனக்கலவரம் மூண்டது. வீடிழந்தோர் பலர் வன்னியிலே அடைக்கலம் புகுந்தனர். உலகின் பிற பகுதிகளில் பிள்ளைகள் குடும்பக் கணினியின் முன் அமர்ந்திருந்த ஆண்டுகளில், வன்னிப் பிள்ளைகளின் இளமை வேறு வகையிற் கழிந்தது. 1990 இல் போர் மீண்டும் மூண்ட பின்னர், வன்னியின் பெரும்பகுதிக்கு நெடுங்காலம் மின்சாரம் எட்டவில்லை. மண்ணெண்ணெய்க்கும் மின்கலத்துக்கும் தட்டுப்பாடு நிலவியது. சிறு போத்தலிலே சிறிதளவு எண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கொளியிற் பிள்ளைகள் படித்தனர். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுழற்றி, டைனமோவில் எழும் மின்சாரத்தால் வானொலி கேட்டனர். சுழற்றியவர் ஒருவர், கேட்டவர் பலர். கருவி ஒன்றேயாயினும் அதனைச் சூழ்ந்து ஒரு கூட்டம் இருந்தது.

2009 மே மாதத்தில் போர் முடிவுற்றது. வவுனியா மாவட்டத்தின் மெனிக் பாம் முகாமிலிருந்து இறுதிக் குடும்பங்கள் 2012 செப்தெம்பரில் வெளியேறின. ஊர் திரும்பியவர்களுக்கு வீடு மட்டுமன்றி விளையாட்டிடமும் பறிபோயிருந்தது. வயலிலும் பற்றைக்காட்டிலும் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. அறியாத பொருளைத் தொடாதே, வேலிக்கு அப்பாற் போகாதே என்பனவே பெற்றோர் அன்றாடம் உரைத்த சொற்களாயின. தந்தையை இழந்த பிள்ளைகளும், குடும்பச் சுமையைத் தனித்துத் தாங்கிய தாய்மாரும் அங்கே பலர். விளையாட்டுக்கு நேரமும் இல்லை. விளையாடும் மனமும் இல்லை.

2020 மார்ச்சு மாதத்தில் பெருந்தொற்றினாற் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, கல்வி கைத்தொலைபேசி வழியே நடைபெறலாயிற்று. கூலிவேலை செய்யும் குடும்பங்களுங்கூடக் கடன்பட்டு அதனை வாங்க நேர்ந்தது. பாடத்துக்கென வந்த கருவியிலே விளையாட்டும் கூடவே வந்தது. குடும்பக் கணினிக்கு இரண்டு கைப்பிடிகள் இருந்தன. கைத்தொலைபேசியோ ஒருவரது உள்ளங்கைக்குள் அடங்கிவிட்டது. வேலை முடிந்து களைத்து வரும் தாய்க்கு இரண்டு வழிகளே தோன்றுகின்றன. ஒன்று, அதட்டிப் பறித்தல். மற்றையது, தொல்லை தீர்ந்தது என்று விட்டுவிடுதல். இரண்டிலும் பிள்ளையோடு பேச்சு இல்லை. இழப்பைக் கண்ட குடும்பங்களில் மௌனம் முன்னரே குடிகொண்டிருக்கிறது. அதன்மேல் இன்னொரு மௌனம் சேருமாயின், ஒரே கூரையின் கீழ் வாழ்வோர் ஒருவரையொருவர் அறியாதவராவர்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு. அது பக்கத்தில் அமர்ந்து தானும் ஆடுதல்.

இதற்குப் பொருள்செலவு வேண்டுவதில்லை. இந்தியாவில் 2016 இல் உருவான லூடோ கிங் என்னும் விளையாட்டை எடுத்துக்கொள்ளலாம். ஒரே தொலைபேசியைக் கைமாற்றி நால்வர் ஆடுதற்கு அதில் இடமுண்டு. இணைய இணைப்பும் வேண்டியதில்லை. லூடோவோ பச்சிசி என்னும் பழைய இந்திய ஆட்டத்தினின்றும் இங்கிலாந்தில் உருமாறி, 1896 இல் உரிமம் பெற்றது. தாயம் அப்பச்சிசிக்கு நெருங்கிய உறவு. ஆதலின், சோகி உருட்டிய கைக்கு இத்திரை அந்நியமானது அன்று. விளையாட்டு அறியேன் என ஒதுங்கும் அம்மம்மா, இரண்டு சுற்று ஆடிய பின்னர் வெட்டும் காய் எது என்பதைப் பேரனுக்கு முன்னரே கண்டுகொள்வார்.

வேறு விளையாட்டுகளிற் பெற்றோர் மாணாக்கராகவும் பிள்ளைகள் ஆசிரியராகவும் மாறுவர். இதனை இழிவெனக் கருதுதல் வேண்டா. தாய்க்குத் தான் கற்பிக்க ஒன்று உண்டு என்றறிந்த பிள்ளை, தயக்கமின்றிப் பேசத் தொடங்கும். விளையாட்டைப் பற்றித் தொடங்கும் பேச்சு பாடசாலைக்கும், நண்பர்க்கும், மனத்திலுள்ள அச்சத்துக்கும் செல்லும். கண்ணுக்குக் கண் நோக்கிக் கேட்டால் வாய் திறவாத பிள்ளை, பக்கத்தில் அமர்ந்து ஒரே திரையை நோக்கும்பொழுது தானாகவே சொல்லும்.

தேர்வில் விழிப்பு வேண்டும். 2003 முதல் ஐரோப்பாவில் பேகி என்னும் அமைப்பு 3, 7, 12, 16, 18 என வயதெண்களை விளையாட்டுகளுக்கு இடுகிறது. அவற்றை நோக்கித் தெரிதல் நன்று. துப்பாக்கிச் சூட்டையே பொருளாகக் கொண்டவை, போரைக் கண்ட வீட்டுக்கு உகந்தன அல்ல. இடையிடையே பணம் கேட்பவற்றை விலக்கல் வேண்டும். கால வரையறையும் இன்றியமையாதது. இரண்டு முதல் நான்கு வயதுக் குழந்தைகள் திரைமுன் அமர்ந்திருக்கும் நேரம் நாளொன்றுக்கு ஒரு மணிக்கு மேற்படலாகாது என உலகச் சுகாதார நிறுவனம் 2019 இல் அறிவுறுத்தியது. 2022 முதல் நடைமுறையிலுள்ள அதன் நோய்ப் பட்டியலில், கட்டுமீறிய விளையாட்டுப் பழக்கம் ஒரு நோயாகவே இடம்பெற்றுள்ளது. எத்தனை சுற்று என்பதை ஆடத் தொடங்குமுன் இருவரும் பேசி உடன்படுதல் நலம். தாயும் அந்த எண்ணிக்கைக்குக் கட்டுப்படுவாராயின், பிள்ளை முரண்படாது.

வன்னியில் இன்று உறவினர் வெளிநாட்டில் வாழும் வீடுகள் பல உண்டு. கனடாவிலுள்ள பேரப்பிள்ளைக்குத் தமிழ் தட்டுத்தடுமாறும். முல்லைத்தீவிலுள்ள அம்மம்மாவுக்கு ஆங்கிலம் வாராது. தொலைபேசியில் நலம் கேட்டு முடிந்ததும் இருவர்க்கும் சொல் தீர்ந்துவிடுகிறது. அந்நிலையில் இணையவழியே ஒரு லூடோ ஆட்டம் தொடங்குமாயின், வெட்டு, காய், ஆறு, உன் முறை என்னும் சொற்கள் தாமாகவே பிறக்கும். மொழி அங்கிருந்து மீண்டும் வளரும்.

மின்சாரம் இன்று வன்னிக்கு வந்துள்ளது, திரையும் வந்துள்ளது. இனி வரவேண்டியது, அத்திரையின் முன் பிள்ளைக்குப் பக்கத்தில் அமரும் இரண்டாமவரே. இரவுணவுக்குப் பின்னர் அரைமணி நேரம் அதற்குப் போதும்.