நாயின் நகம்

வீட்டு நாய்க்கு வேளை தவறாது உணவிடுவோரும், ஆண்டுதோறும் வெறிநோய்த் தடுப்பூசி போடுவோருங்கூட அதன் கால் நகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தெருவில் திரியும் நாய்க்கு அக்கவலை பெரும்பாலும் இல்லை. கல்லிலும் மண்ணிலும் ஓடி ஓடி நகம் தானே தேய்ந்துவிடும். தில்லி போன்ற நகரங்களில், மாடிக் குடியிருப்பின் வழவழப்பான தரையில் பகலெல்லாம் படுத்துக் கிடக்கும் நாய்க்கு நகம் தேய வழி ஏது? அது நடக்கையில் தரையில் 'டக் டக்' என்று ஒலி கேட்குமாயின், நகம் மிஞ்சிவிட்டது என்று நேயர்கள் அறியலாம். மிஞ்சிய நகம் தரையில் ஊன்றி விரலை மேல்நோக்கித் தள்ளுகிறது, நடை கோணுகிறது, மூட்டுகளுக்கும் சுமை ஏறுகிறது.

இதனினும் கொடியது ஒன்று உண்டு. முன்காலின் உட்புறத்தில், சற்று உயரத்தில், ஐந்தாவதாக ஒரு குறுவிரல் இருக்கிறது. சில நாய்களுக்குப் பின்காலிலும் உண்டு. நிற்கையில் அது நிலத்தில் படுவதில்லை. ஆகவே அதன் நகம் எளிதில் தேய்வதுமில்லை. வளர்ந்து வளர்ந்து அரிவாள்போல் வளைந்து, ஈற்றில் தன் சதையிலேயே பாய்கிறது. சடைமயிர் நாயாயின் வெளியே தெரியவும் தெரியாது. நம் அண்டை வீட்டில் 12 வயதான நாயொன்று சில வாரங்களாய் நொண்டிற்று. முதுமையில் வரும் மூட்டுவலி என்றே வீட்டார் எண்ணியிருந்தனர். கால்நடை மருத்துவர் மயிரை விலக்கிக் காட்டியபோது, நகத்தின் நுனி சதைக்குள் புதைந்து, சுற்றிலும் சீழ் கட்டியிருந்தது. வாய் திறந்து சொல்ல இயலாத அப்பிராணி அதுவரை அக்காலை ஓயாது நக்கிக்கொண்டிருந்தது. அதன் முறையீடு அதுவே, கேட்பார்தாம் இல்லை.

இவ்வாறு புதைந்த நகத்தை வீட்டில் பிடுங்க முயலலாகாது. மருத்துவர், தேவையாயின் மயக்க மருந்து கொடுத்து, நகத்தை வெட்டி, நுனியை வெளியே எடுத்து, புண்ணைக் கழுவி மருந்திடுவார். நமக்கென வாங்கி வைத்த வலி மாத்திரையை நாய்க்குக் கொடுப்பது பெரும் பிழை. இபுபுரூஃபன் போன்றவை அதன் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

புதையாத நகத்தை நாமே வெட்டலாம். நகத்தினுள் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடுகின்றன. அப்பகுதியை ஆங்கிலத்தில் 'குவிக்' என்பர். விரைவு என்று மொழிபெயர்ப்பின் நகைப்புக்கிடமாகும். உயிருள்ளது என்பதே அச்சொல்லின் பழம்பொருள். நமது நகக்கண் என்னும் சொல் இதற்கு நன்கு பொருந்தும். வெண்ணகத்தில் அது இளஞ்சிவப்பாய்த் தெரியும். அதற்கு முன்னரே நிறுத்திவிட வேண்டும். கருநகத்தில் தெரியாது. ஆதலின் நுனியிலிருந்து மெல்லிய சீவல்களாக வெட்டி, ஒவ்வொரு முறையும் வெட்டிய முகத்தைப் பார்க்க வேண்டும். நடுவில் ஈரப்பசையுள்ள கரும்புள்ளி தோன்றினால் அதற்குமேல் வெட்டலாகாது. இரத்தம் கசிந்தால் பதற வேண்டா. மக்காச்சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் நின்றுவிடும்.

நெடுநாள் வெட்டாத நகத்தில் நகக்கண்ணும் நீண்டிருக்கும். ஒரே நாளில் குட்டையாக்க முயன்றால் குருதியும் வலியுமே மிச்சம். அடுத்த முறை நகவெட்டியைக் கண்டதும் நாய் கட்டிலடியில் புகுந்துகொள்ளும். வாரத்துக்கொரு முறை சிறிதளவே வெட்டி வந்தால் நகக்கண் படிப்படியாகப் பின்வாங்கும். நாய்க்கென விற்கும் நகவெட்டியே ஏற்றது. மழுங்கியதாயின் நகம் பிளந்துபோகும்.

வலியிலிருக்கும் நாய் தன்னை வளர்த்தவரையும் கடிக்கும். கடித்தால் புண்ணைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவரிடம் செல்ல வேண்டும். வளர்ப்பு நாய்தானே என்று வாளாவிருத்தல் தகாது. குட்டிப் பருவத்திலேயே நாள்தோறும் காலைத் தொட்டுப் பிடித்துப் பழக்கினால் இத்தகைய இடர் பெரிதும் நேராது. அவ்வமயம் அந்தக் குறுவிரலையும் மயிரை விலக்கித் தடவிப் பார்த்துவிடலாம்.