பயிற்சியாளர் எடி றொபின்சன்
(சங்கத்தின் மாதாந்தக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இச்சபையில் பந்தாட்டக் கதையா என்று பெரியோர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். சற்றுப் பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் பேச எடுத்துக்கொண்டது பந்தைப்பற்றியன்று. ஒரே கல்லூரியில் ஐம்பத்தாறு ஆண்டுகள் நின்று பணிசெய்த ஓர் ஆசிரியரைப்பற்றி.

அவர் பெயர் எடி றொபின்சன். அமெரிக்காவின் தென்பகுதியிலுள்ள லூயிசியானாவில் 1919ஆம் ஆண்டு பிறந்தார். தந்தையார் பிறர் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்த கறுப்பினத்தவர். கல்லூரிப் படிப்பு முடிந்ததும் றொபின்சனுக்குக் கிடைத்தது கால்நடைத் தீவனம் அரைக்கும் ஆலையொன்றில் மணிக்கு 25 சதக் கூலி. அந்நிலையில், 1941இல், கிராம்பிளிங் என்ற சிற்றூரில் கறுப்பின மாணவருக்கென இருந்த கல்லூரி அவரைப் பயிற்சியாளராக அழைத்தது.

அங்கே உதைபந்தாட்டம் என்று சொல்வது நம்மூர் ஆட்டமன்று. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்தி ஓடுவதும், தூர எறிவதும், எதிரியை மோதி வீழ்த்துவதுமே அவ்வாட்டம். பெயர்தான் உதைபந்து, உதைப்பதோ அபூர்வம்!

சம்பளம் பெறும் உதவியாளர் ஒருவரும் றொபின்சனுக்கு இல்லை. மைதானத்தில் புல் வெட்டியவர் அவர். சுண்ணாம்புக் கோடு இட்டவர் அவர். கால் சுளுக்கியவனுக்குக் கட்டுப் போட்டவரும் அவரே. ஆட்டம் முடிந்தபின் பத்திரிகைக்குச் செய்தி எழுதி அனுப்பியவரும் அவரே. வெளியூர்ப் பயணத்துக்குச் சான்ட்விச் கட்டி எடுத்துப் போவார். ஏனெனில் வழியிலுள்ள உணவுச்சாலைகள் கறுப்பினத்தவரை உள்ளே விடமாட்டா. முதலாண்டில் மூன்று வெற்றி, ஐந்து தோல்வி. மறுவருடம் ஒன்பது ஆட்டங்களிலும் வெற்றி. எதிரணிகள் ஒரு புள்ளியேனும் பெறவில்லை. யுத்தத்தின் காரணமாக 1943இலும் 1944இலும் கல்லூரிக்கு அணியே இருக்கவில்லை.

விடியற்காலையில் கையிலே மணியொன்றை ஆட்டிக்கொண்டு விடுதியின் நடைவழியே போவாராம். உறங்குகிறவர்கள் எழுந்து காலை உணவுக்கும் வகுப்புக்கும் போகவேண்டும். அம்மணியோசையைச் சபித்த மாணவர் எத்தனை பேரோ! பெருவெற்றிகளைக் காட்டிலும் இந்த மணியே நம் மனத்தைக் கவர்கிறது.

அக்காலத்தில் தொழில்முறைக் கழகங்கள் இத்தகைய கல்லூரிகளின் பக்கம் திரும்பியும் பார்ப்பதில்லை. 1949இல் றொபின்சனின் மாணவர் போல் யங்கர் லொஸ் ஏஞ்சல்ஸ் கழகத்தில் சேர்ந்தார். கறுப்பினக் கல்லூரியிலிருந்து அங்ஙனம் போனவருள் அவரே முதல்வர். பின்னர் இருநூறுக்கும் மேற்பட்டோர் அவ்வழியே போயினர். ஆயின் ஓரிடம் மாத்திரம் மூடியே கிடந்தது. குவாட்டர்பக் என்பவன் அணியின் மூளை, ஆட்டத்தை நடத்துபவன். கறுப்பினத்தவனுக்கு அதற்கேற்ற புத்தி போதாது என்று பலர் எண்ணியிருந்தார்கள். றொபின்சன் அதை எதிர்த்து மேடையில் முழங்கவில்லை. அவ்விடத்துக்கு ஆள் தயாரித்தார். அவர் மாணவர் ஜேம்ஸ் ஹரிஸ் 1969இல் பபலோ அணியில் அவ்விடத்தில் நின்றார். இன்னொரு மாணவர் டக் வில்லியம்ஸ் 1988 சனவரியில் நாட்டின் மிகப் பெரிய இறுதியாட்டத்தில் வாஷிங்டன் அணியை நடத்தி 42-10 என்று வென்று, அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற விருதையும் பெற்றார்.

இனி ஒரு விசித்திரத்தைச் சொல்லவேண்டும். அலபாமா சர்வகலாசாலையின் முதல் அணியில் கறுப்பின வாலிபர் ஆடியது 1971இலேதான். அவ்வணியின் புகழ்பெற்ற பயிற்சியாளர் போல் பிரயன்ற் பெற்ற 323 வெற்றிகளை 1985இல் றொபின்சன் தாண்டினார். ஆனால் பெரிய சர்வகலாசாலைகளின் கதவு திறக்கத் திறக்க, கிராம்பிளிங்குக்கு வந்திருக்கக்கூடிய திறமைசாலிகள் அங்கே போகத் தொடங்கினார்கள். தம் இனத்தவருக்குத் திறக்கவேண்டுமென்று அவர் விரும்பிய கதவே அவருடைய மைதானத்தை மெலியச் செய்தது. 1995இல் 400ஆவது வெற்றி கண்டார். 1996இல் பதினொரு ஆட்டங்களில் மூன்றே வெற்றி. கல்லூரியார் அவரை ஓய்வுபெறச் செய்ய முயன்றனர். ஊரும் நாடும் கொதித்தெழவே ஓராண்டு தவணை கிடைத்தது. அவ்வாண்டும் மூன்றே வெற்றி.

இங்கே பெரியோர் கோபிக்கலாகாது. அவர் சில ஆண்டுகள் முன்னரே இறங்கியிருந்தால் நலம் என்பதே எமது எண்ணம். வாலிபர் கையில் பொறுப்பைத் தருவதும் ஆசிரியத் தொழிலில் ஒரு பகுதியல்லவா? ஆயினும் புல்வெட்டி, கோடிட்டு, மணியடித்த மனிதரை இரண்டொரு தோல்விக் கணக்கைக் காட்டி வெளியே போ என்பது நன்றியுள்ளோர் செய்யும் காரியமன்று. இவ்விரண்டையும் ஒருங்கே சொல்லத் தயங்குபவரோடு நாம் வாதாடத் தயார். கூட்டம் முடிந்தபின் தேநீரருந்தும்போது வாதாடலாம்.

408 வெற்றி, 165 தோல்வி, 15 சமநிலை என்ற கணக்கோடு 1997இல் விலகினார். பின்னர் ஞாபகமறதி நோய் அவரைப் பற்றிக்கொண்டது. 2007 ஏப்பிரலில் காலமானார். 1941இல் மணந்த மனைவி டோறிஸ் அம்மையார் இறுதிவரை உடனிருந்தார்.

அவர் விட்டுப்போன இடத்துக்கு 1998இல் வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 ஆகிய மூன்றாண்டுகளும் கிராம்பிளிங் தன் பிரிவின் வெற்றிப் பட்டத்தை வென்றது.