தங்கவயல் கண்டோம்



பீன்யாவிலிருந்து ஒருநாள் உலாவாகக் கோலார் தங்கவயல் சென்று வந்தோம். 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனி ஏற்ற சுரங்கங்களில், வடஆர்க்காட்டுத் தமிழர் பலர் மூன்று கிலோமீட்டர் ஆழம்வரை இறங்கிப் பொன் எடுத்தனர். 1902-இலேயே சிவசமுத்திரத்து மின்சாரம் அங்கு எட்டியது. 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. சயனைடு மண்மேடுகள் எஞ்சியுள்ளன.

மாலையில் மாரிக்குப்பம் நிலையத்தில், பெங்களூரில் உழைத்து ஊர் திரும்பியோர் கூட்டமாக இறங்கினர். மாதச்சீட்டு எழுதித் தரும் எங்களுக்கு அவர்கள் அதுவரை வெறும் எண்களே! வெட்கினோம். அவர்தம் ஊர் நமக்குக் காட்சி; நம் ஊர் அவர்க்குக் கூலி.

அன்பர்களே! நம் தொழிற்கூடங்களில் ஆள் எடுக்குங்கால் பொன் தந்த அக்கைகளை நினைவிற்கொள்ள வேண்டுகிறோம்.