ஆங்கில வகுப்பில் இலக்கியமும் கட்டுரையும்

ஊர்ப் பாடசாலையொன்றிலே ஆங்கிலக் கட்டுரைப் பாடம் நடைபெறுகின்றது. வெளியே ஐப்பசி மழை பொழிந்துகொண்டிருக்கின்றது. 'மழை நாள்' என்னும் பொருள்பற்றி ஒரு கட்டுரை வரையுமாறு ஆசிரியர் பணிக்கின்றார். வகுப்பிலுள்ள 40 மாணாக்கரும் தலைகுனிந்து எழுதுகின்றனர். பின்னர் ஆசிரியர் அவற்றை வாங்கிப் பார்க்கின்றார். பெரும்பாலானவை ஒரே வாக்கியத்திலே தொடங்குகின்றன. ஒரே உவமையை எடுத்தாளுகின்றன. ஒரே முடிவுரையோடு நிற்கின்றன. மாதிரிக் கட்டுரைத் தொகுப்பொன்றிலிருந்து மனனஞ் செய்யப்பட்டவை அவை. அன்று காலை முழங்காலளவு வெள்ளத்தைக் கடந்து, புத்தகங்களைத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்த மாணாக்கனும், தான் ஒருநாளும் அணிந்தறியாத மழையங்கியைப் பற்றியே எழுதியிருக்கின்றான். அவன் கடந்து வந்த வெள்ளம் அவன் கட்டுரையில் இல்லை.

அடுத்த பாடவேளை ஆங்கில இலக்கியத்துக்குரியது. அங்கே கவிதையொன்றின் கருத்து, நயம், ஆசிரியர் வரலாறு என்பன கரும்பலகையில் எழுதப்படுகின்றன. மாணாக்கன் அவற்றைப் பார்த்தெழுதுகின்றான். கவிதையை அவன் ஒருமுறை வாய்விட்டு வாசித்தானோ என்பது ஐயமே. ஆகவே, கட்டுரைப் பாடத்தில் அவன் பிறர் கண்டதை எழுதுகின்றான். இலக்கியப் பாடத்திலும் பிறர் உணர்ந்ததையே எழுதுகின்றான். இரு பாடங்களும் ஒரே நோயால் வருந்துகின்றன. அந்நோய்க்கு மருந்தும் ஒன்றாகவே இருத்தல் கூடும்.

இந்நோய் வந்த வழியைச் சிறிது நோக்குதல் தகும். இலங்கையின் வடபாகத்தில் ஆங்கிலக் கல்வி பழமை வாய்ந்தது. அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையிலே செமினரியை நிறுவியது 1823ஆம் ஆண்டில். அங்கே பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராயினார். பின்னர்த் தமிழின் பழைய நூல்களைப் பதிப்பித்துக் காத்தார். ஆங்கிலப் பயிற்சி தாய்மொழிப் பற்றுக்கு மாறானதன்று என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. ஆயின், 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே கேம்பிரிட்ஜ், இலண்டன் பரீட்சைகள் இந்நாட்டில் வேரூன்றின. இங்கிலாந்தில் உள்ளோர் வினா வகுத்தனர். இங்குள்ளோர் விடை மனனஞ் செய்தனர். 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றும் வரையும் இங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரி மாணாக்கர் இலண்டன் பட்டத்துக்கே படிக்க வேண்டியிருந்தது. தேர்வாளரின் கருத்து யாதாகும் என ஊகித்து எழுதும் பழக்கம் அக்காலத்திலேயே வலுப்பெற்றது.

கன்னங்கரா அவர்களின் முயற்சியால் 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி வந்தது. தாய்மொழி போதனாமொழியாகும் மாற்றமும் ஆரம்ப வகுப்புகளிலே தொடங்கிப் படிப்படியாக மேல்வகுப்புகளுக்கு ஏறியது. ஏழைப் பிள்ளைகளுக்குக் கல்வியின் கதவு திறந்தது. அதனினும் பெரிய நன்மை வேறில்லை. ஆங்கிலமோ பிற பாடங்களைக் கற்பிக்கும் மொழி என்ற நிலையினின்றும் நீங்கி, தானே ஒரு பாடமாயிற்று. அப்பாடமும் பரீட்சைக்கென இரண்டாயிற்று. சாதாரணதரப் பரீட்சையிலே ஆங்கிலமொழி எல்லார்க்கும் பொதுவான பாடமாகவும், ஆங்கில இலக்கியம் விரும்பினோர் மாத்திரம் தெரிந்தெடுக்கும் பாடமாகவும் நெடுங்காலம் இருந்து வருகின்றன. அதற்குரிய ஆசிரியர் இல்லாத பாடசாலையில் அவ்விருப்பத்துக்கு இடமேது? கதையும் கவிதையும் வாசியாத மாணாக்கன் எதனைக் கொண்டு கட்டுரை எழுதுவான்? எண்ணெய் வாராத விளக்குக்குத் திரியை மாத்திரம் தூண்டி என்ன பயன்?

இக்குறை இந்நாட்டுக்கு மாத்திரம் உரியதன்று. ஆங்கிலத்தின் பிறப்பிடமாகிய இங்கிலாந்திலேயே, அந்நாட்டுப் பிள்ளைகளின் ஆங்கிலக் கல்வியை ஆராய நியூபோல்ட் என்னும் புலவரின் தலைமையிலே குழுவொன்று அமைக்கப்பட்டு, 1921இல் அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டில் அக்குழுவின் உறுப்பினராகிய ஜோர்ஜ் சாம்ப்சன் எழுதிய நூலிலே, ஆங்கிலத்திற் கற்பிக்கும் ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆங்கிலம் கற்பிக்கும் ஆசிரியரே என்ற கருத்தை வற்புறுத்தினார். கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர் ஐ. ஏ. ரிச்சட்ஸ் ஒரு சோதனை செய்தார். இயற்றியவர் பெயரை மறைத்து 13 கவிதைகளை மாணாக்கரிடம் கொடுத்து, தாம் உணர்ந்ததை எழுதுமாறு கேட்டார். அம்முடிவுகளை அவர் 1929இல் நூலாக வெளியிட்டபோது, கற்றோர் எனப்பட்டவரும் சொற்களின் நேர்ப்பொருளையே தவற விட்டமை புலனாயிற்று. புலவர் பெயர் தெரிந்தாற் புகழ்வதும் தெரியாவிடிற் தடுமாறுவதும் வாசிப்பாகா என்பதே அச்சோதனை புகட்டிய பாடம்.

அவ்வாறாயின், எங்ஙனம் கற்பித்தல் வேண்டும்? பள்ளி மாணாக்கருக்கு நெடுங்காலமாகப் பாடமாக இருந்துவரும் நாடகமொன்றை எடுத்துக்கொள்ளலாம். சேக்ஸ்பியரின் 'யூலியஸ் சீசர்' 1599ஆம் ஆண்டளவில் இயற்றப்பட்டது. அதன் மூன்றாம் அங்கத்திலே சீசரின் கொலைக்குப் பின்னர் இருவர் உரோமாபுரி மக்களிடம் பேசுகின்றனர். முதலிற் பேசும் புரூட்டஸ் உரைநடையிலே பேசுகின்றான். அவனுடைய வாக்கியங்கள் தராசுத் தட்டுகள்போல் ஒன்றுக்கொன்று ஒத்து நிற்கின்றன. சீசர் பேராசை கொண்டவன். ஆதலாற் கொன்றேன் என்கின்றான். ஆனால் அப்பேராசைக்கு ஓர் உதாரணமேனும் அவன் காட்டவில்லை. பின்னர்ப் பேசும் அன்ரனி செய்யுளிலே பேசுகின்றான். சீசர் சிறைப்பிடித்தவர்களின் மீட்புப் பணம் பொதுத் திறைசேரியை நிரப்பியது, வறியோர் அழுதபோது அவனும் அழுதது, மும்முறை நீட்டிய முடியை மறுத்தது எனச் செய்திகளை ஒவ்வொன்றாக எடுத்து வைக்கின்றான். அதன்பின் கிழிந்த மேலாடையைக் காட்டுகின்றான். ஒரு கோடைகால மாலையிலே, கூடாரத்திலே, நேர்வியரை வென்ற அன்று சீசர் அதனை முதன்முதல் அணிந்ததைத் தான் கண்டதாகக் கூறுகின்றான்.

இவ்விடத்திலே ஆசிரியர் குறிப்புகளை மூடி வைத்துவிட்டு, இரு மாணாக்கரை அவ்வுரைகளை வாய்விட்டு வாசிக்கச் செய்தல் வேண்டும். மற்றையோர் புரூட்டஸ் காட்டிய சான்றுகள் எத்தனை, அன்ரனி காட்டியவை எத்தனை எனத் தம் ஏட்டிலே குறித்துக்கொள்ளட்டும். வகுப்பு தானே விடை காணும். வெறும் கூற்று ஒரு கணம் கைதட்டலைப் பெறும். கண்முன் நிறுத்திய பொருள் நெஞ்சைத் தொடும். கட்டுரை வரைதலின் முதல் விதி இதுவன்றோ? மழை இன்பமானது என்று எழுதுவோன் புரூட்டஸைப் போன்றவன். தலைமேல் வைத்த புத்தகத்தை எழுதுவோன் அன்ரனியின் வித்தையைக் கற்றவன்.

பாடம் இத்துடன் நின்றுவிடலாகாது. மேலாடையின் கிழிசல்களைக் காட்டி, இது கசியஸின் குத்து, இது காஸ்காவின் குத்து, இது புரூட்டஸின் குத்து என அன்ரனி பிரித்துக் கூறுகின்றான். கொலை நிகழ்ந்தபோது அவன் எங்கே நின்றான்? ட்ரெபோனியஸ் என்பவன் அவனை முன்னரே அப்பால் அழைத்துச் சென்றுவிட்டான். காணாத ஒன்றை அவன் எவ்வாறு அறிந்தான்? இவ்வினாவை எழுப்பி ஆசிரியர் சற்றே மௌனமாக இருப்பாராயின், வகுப்பிலே எழும் சலசலப்பே அன்றைய பாடத்தின் வெற்றியாகும். நுணுக்கமான செய்தியும் பொய்யாக இருக்கலாம். கேட்போன் அதனையும் சோதித்தல் வேண்டும். சோதியாத கூட்டம் என்ன செய்தது? அடுத்த காட்சியிலே, கொலையாளருள் ஒருவனின் பெயரைத் தாங்கியதற்காகவே சின்னா என்னும் குற்றமற்ற புலவனை அது சாடிக் கொல்கின்றது. வெறும் பெயருக்காக மனிதரைத் தாக்கும் கூட்டத்தைப் பற்றி இந்நாட்டுப் பிள்ளைகளுக்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. சொல்லை எடைபோடத் தெரிந்த குடிகளை ஆக்குவதே மொழிப்பாடத்தின் முடிந்த பயன்.

தமிழ் மாணாக்கனுக்கு இவ்வித்தை புதிதன்று. பாண்டியன் அவையிலே கண்ணகி வழக்குரைத்த காட்சியை அவன் தமிழ்ப் பாடத்திலே கற்கின்றான். அவள் புறாவுக்காகத் தன்னை ஈந்த மன்னனையும், கன்றுக்காக மகனைத் தேர்க்காலிலிட்ட மன்னனையும் எடுத்துக்காட்டுகின்றாள். ஈற்றிலே சிலம்பை உடைத்து மாணிக்கப் பரலைக் காட்டுகின்றாள். மன்னன் கேட்டது அவள் கண்ணீரை மாத்திரமன்று. சான்றைக் கண்ணாரக் கண்டான். தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரு மாலைப்பொழுது கூடிப் பேசி, இவ்விரு காட்சிகளையும் ஒரே வாரத்திற் கற்பிப்பாராயின், ஒரு மொழியிற் பெற்ற தெளிவு மறுமொழிக்கும் உதவும்.

பாடநூலைத் தெரிவு செய்வதிலும் கவனம் வேண்டும். பனிபொழியும் நிலத்தின் கவிதையைப் படிக்கலாகாது என்பதன்று. அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்வதே முறை. இலங்கைக் காட்டுக் கிராமமொன்றின் துயரை லெனாட் வூல்ப் 1913இல் நாவலாக்கினார். ஆர். கே. நாராயண் 1935இல் வெளியிட்ட முதல் நாவலில் மால்குடிச் சிறுவன் சுவாமிநாதன் கணக்குப் பாடத்தோடு படும் பாடு நம் பிள்ளைகளின் பாடே. யாழ்ப்பாணத்திற் பிறந்த அழகு சுப்பிரமணியமும் தம் மக்களின் வாழ்வை ஆங்கிலச் சிறுகதைகளாக எழுதியுள்ளார். இவற்றை வாசிக்கும் மாணாக்கன், தன் முற்றமும் வேலியும் கிணற்றடியும் ஆங்கிலத்தில் எழுதத்தக்க பொருள்களே என்ற துணிவைப் பெறுகின்றான்.

இனி, திருத்தும் முறை. 40 கட்டுரைகளை, ஒன்றுக்கு 6 நிமிடமாகத் திருத்தினும் 4 மணித்தியாலம் செல்லும். இத்தகைய வகுப்புகள் பல உடைய ஆசிரியர் மாதத்துக்கு ஒரு கட்டுரையோடு நின்றுவிடுவதிற் புதுமையில்லை. அதனிலும் வாரந்தோறும் எட்டுப் பத்து வரிகளில் ஒரு பந்தி எழுதுவித்தல் நன்று. ஏடெங்கும் சிவப்பு மையைப் பரப்பாது, ஒருமுறை வினையின் காலத்தை மாத்திரமும், மறுமுறை பெயருக்கு முன்வரும் சுட்டுச் சொல்லை மாத்திரமும் திருத்தலாம். தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின்னே ஒட்டும். ஆங்கிலத்தில் அதற்கீடான சொல் முன்னே நிற்கும். தமிழ் வாக்கியம் வினையோடு முடியும். ஆங்கில வினையோ எழுவாயை அடுத்து வரும். ஆகவே மாணாக்கனின் வழுக்களிற் பல சோம்பலால் வந்தவையல்ல; இரு மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால் வந்தவை. காரணத்தை அறிந்த ஆசிரியர் சினங்கொள்ளார். திருத்திய பந்தியை மாணாக்கன் மீண்டும் எழுதித் தன் தோழனுக்கு வாசித்துக் காட்டல் வேண்டும். கேட்போன் ஒருவன் உளன் என்ற எண்ணமே எழுத்தைச் சீர்ப்படுத்தும்.

பரீட்சை நெருங்குகின்றதே, இவற்றுக்கு நேரம் ஏது எனப் பெற்றோரும் ஆசிரியரும் வினவுவர். அவ்வினா நியாயமானதே, ஏழைப் பிள்ளையின் எதிர்காலம் பரீட்சைப் பெறுபேற்றிலே தங்கியிருக்கின்றது. ஆனால் மனனஞ் செய்த கட்டுரை, வினா சற்றே மாறியவுடன் கைவிட்டுவிடும். தானே நோக்கித் தானே வாக்கியம் அமைக்கப் பழகியவனுக்கு எவ்வினாவும் அந்நியமாகாது. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறிய பின்னரும் அவனோடு செல்வது அப்பழக்கமே. வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போதும், அயல்மொழியாளரோடு உரையாடும்போதும், மேடைப் பேச்சைக் கேட்கும்போதும் அது துணைநிற்கும்.

அடுத்த மழை நாளிலே ஆசிரியர் அதே தலைப்பை மீண்டும் கொடுக்கட்டும். ஆனால் எழுதுமுன், காலையில் வீட்டிலிருந்து பள்ளிவரையும் கண்ட மூன்று பொருள்களைக் கூறுமாறு ஒவ்வொருவரையும் கேட்கட்டும். வெள்ளம் என்பான் ஒருவன். தவளை என்பாள் ஒருத்தி. தந்தையின் நனைந்த சால்வை என்பான் வேறொருவன். அச்சொற்களுக்குரிய ஆங்கிலம் கரும்பலகையில் ஏறட்டும். அன்று எழுதப்படும் பந்திகளிலே வழுக்கள் மலிந்திருக்கலாம். ஆயினும் 40 ஏடுகளிலும் 40 மழைகள் பெய்திருக்கும்.