சதுரங்கத்தில் ஓரடியும் ஈரடியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இரயில்வே எழுத்தனாகிய யான் பெரும் புலவன் அல்லேன். ஆயினும், மாலை வேளைகளில் நம் குடியிருப்புச் சிறுவர்கள் சதுரங்கப் பலகையைச் சூழ்ந்து அமர்வதைக் காணுந்தோறும் சில செய்திகளை அவர்கட்கு உரைக்க வேண்டும் என்னும் விருப்பம் எழுகின்றது.

சதுரங்கத்தில் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளைத் 'தொடக்கம்' என்பர். வண்டி புறப்படுமுன் பாதையைச் சீர் செய்வது போன்றது அது. புகழ்பெற்ற ஆட்டங்கள் பலவற்றின் வெற்றி அங்கேயே விதையூன்றப்படுகின்றது. அத்தகைய தொடக்கம் ஒன்றன் வரலாறு நம் நாட்டிலேயே தொடங்குகின்றது.

நம் முன்னோர் ஆடிய முறையில் காலாள் எப்பொழுதும் ஒரு கட்டமே நகரும். ஐரோப்பியர் முறையிலோ, முதல் நகர்வில் இரு கட்டமும் செல்லலாம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கல்கத்தாவில் வழக்கறிஞராக இருந்த ஜான் காக்ரேன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர், மகேச சந்திர பானர்ஜி என்னும் வங்காளியரோடு பலகாலும் ஆடினார். பானர்ஜி நாட்டுப்புறத்தினர், பழைய முறையில் தேர்ந்தவர். ஐரோப்பிய விதிகளை அவர் பின்னரே கற்றார்.

1855ஆம் ஆண்டு அவ்விருவரும் ஆடிய ஓர் ஆட்டத்தைக் காண்போம். கறுப்புக் காய்களை ஆடிய பானர்ஜி, குதிரைப் பக்கத்துக் காலாளைப் பழைய வழக்கப்படி ஒரு கட்டமே நகர்த்தினார். அடுத்த நகர்விலேயே அரசியின் காலாளைப் புதிய விதிப்படி இரு கட்டம் செலுத்தினார். பின்பு, முன்னைய காலாள் விட்டகன்ற கட்டத்தில் மந்திரியை அமர்த்தி, பலகையின் நெடிய மூலைவிட்டம் முழுவதையும் அதன் பார்வைக்குள் கொணர்ந்தார். நடுக்கட்டங்களை எதிரி பிடிக்கட்டும். அங்கு நிற்கும் அவன் படையைத் தொலைவிலிருந்தே தகர்ப்போம் என்பதே இதன் உட்கருத்து.

அவ்வாட்டத்தில் பானர்ஜி தோற்றார். எனினும் அவர் வகுத்த முறை தோற்கவில்லை. 1922இல் ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் குருன்பெல்டு அதே முறையைக் கையாண்டு, பின்னாளில் உலக வெற்றியாளரான அலெக்கினையே வியன்னாவில் வென்றார். 'குருன்பெல்டுத் தற்காப்பு' என்னும் பெயரும் நிலைபெற்றது. ஆயினும் இதனையொத்த தொடக்கங்கள் 'இந்தியத் தற்காப்புகள்' என்றே உலகெங்கும் வழங்குகின்றன.

1956இல் நியூயார்க்கில் 13 வயதுச் சிறுவன் பாபி பிஷர், டொனால்டு பைர்ன் என்பவரை இத்தொடக்கத்தாலேயே எதிர்கொண்டான். 17ஆம் நகர்வில் தன் அரசியையே பலி கொடுத்து, 41ஆம் நகர்வில் எதிரியின் அரசனை வீழ்த்தினான். 'நூற்றாண்டின் ஆட்டம்' என்று அதனைப் போற்றுவர்.

இனி, நம் சென்னைக்கு வருவோம். 2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் உலகப் பட்டத்திற்கான 14ஆம் ஆட்டம் நடைபெற்றது. இருவரும் சமநிலையில் இருந்தனர். சீன வீரர் டிங் லிரென், வெள்ளைக் காய்களைக் கொண்டு இதே குருன்பெல்டு அமைப்பை நிறம் மாற்றி ஆடினார். எதிரே அமர்ந்த 18 வயதுக் குகேஷ், ஒரே ஒரு காலாள் மிகுதியாக இருந்த நிலையில் சமனுக்கு இசையாது பொறுமையுடன் பொருதார். 55ஆம் நகர்வில் டிங் பிழை செய்தார். 58ஆம் நகர்வில் பட்டம் நம்மவர்க்கு வந்தது. தொடக்கம் வழியைத்தான் காட்டும். அவ்வழியே இறுதிவரை நடக்கும் பொறுமை ஆடுபவனிடமே இருத்தல் வேண்டும்.

அன்பர்களே! 'விளையாட்டால் படிப்புக் கெடும்' என்று அஞ்சும் பெற்றோர் நம்மிடையே உளர். 'மலையாளம் பயின்றால் தமிழ் மறக்குமோ' என்று கவலுறுவோரும் உளர். இரு சாராரும் பானர்ஜியின் அவ்விரு நகர்வுகளை எண்ணிப் பார்த்தல் நன்று. பழகிய ஓரடியை அவர் கைவிடவில்லை. புதிய ஈரடியைக் கற்க நாணவுமில்லை. இரண்டும் ஒருங்கு சேர்ந்தமையாலன்றோ அம்முறை உலகெங்கும் பரவியது!

கொழிஞ்சாம்பாறையில் வளரும் நம் மக்கள் வீட்டில் தமிழையும் வீதியில் மலையாளத்தையும் செவ்வனே பயிலட்டும். மாலையில் ஒரு மணி நேரம் சதுரங்கமும் ஆடட்டும். நம் சங்கம் இரண்டு பலகைகளேனும் வாங்கி வைக்குமாயின், சிறுவர்க்குக் கற்றுத்தர யான் அணியமாக உள்ளேன்.