தொட்டியிலே கற்ற பாடம்
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"வாழ்க்கையிலே கற்ற பாடம் ஏதாவது சொல்லுப்பா" என்றார் செயலாளர். நான் ஒரு மீனைப் பற்றிச் சொல்லப் போகிறேன். குழம்பு மீன் இல்லை, பயப்படாதீர்கள்!

இந்தக் கல்லூரியில் விலங்கியல் படித்து, முப்பது ஆண்டுகள் பள்ளியிலே அதையே கற்பித்தவன் நான். 2008-ல் என் மகள் அடம்பிடித்து, சென்னை கொளத்தூரில் ஒரு தங்கமீன் வாங்கினாள். தலையிலே தொப்பி வைத்தாற்போல் சதை வளரும் ஒரண்டா வகை. இரண்டு வருஷம் தாங்கினால் பெரிசு என்று நினைத்தேன். ஆனால் நன்றாகப் பராமரித்தால் தங்கமீன் பத்து, பதினைந்து ஆண்டு வாழும். இங்கிலாந்தில் டிஷ் என்ற தங்கமீன் 43 வயது வரை வாழ்ந்து, 1999-ல்தான் இறந்தது.

மகள் வேலைக்காக வெளிநாடு போனாள். மீன் என்னிடம் தங்கியது. காலையில் நான் பேப்பரும் காப்பியுமாக உட்கார்ந்தால், கண்ணாடி ஓரமாக வந்து நிற்கும்.

2019-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுத்தம் செய்கிறேன் என்று தொட்டித் தண்ணீர் முழுவதையும் கொட்டினேன். பில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசிப் பிழிந்து, வெயிலில் காயப் போட்டேன். மீனின் கழிவில் வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் அந்தப் பஞ்சில்தான் குடியிருக்கின்றன. எல்லாவற்றையும் நானே கொன்றுவிட்டேன். இந்தச் சுழற்சியைக் கரும்பலகையில் எத்தனை முறை வரைந்திருப்பேன்!

நாலாம் நாள் மீன் ஒருக்களித்து மிதந்தது. மகள் போனில் கேட்டபோது, "வயசாச்சும்மா, அதான்" என்றேன்.

பிறகுதான் படித்ததெல்லாம் ஞாபகம் வந்தது. தினமும் கால்பங்கு தண்ணீர் மட்டும் மாற்றினேன். அதுவும் குளோரின் போக ஒரு நாள் வாளியில் திறந்து வைத்த தண்ணீர். லிட்டருக்கு ஒரு கிராம் வீதம் அயோடின் சேராத கல்லுப்பு கரைத்து விட்டேன். உப்பில் உள்ள குளோரைடு, நைட்ரைட் இரத்தத்தில் ஏறுவதைத் தடுக்கும். மூன்று நாள் பட்டினி. அதன்பின் வேகவைத்துத் தோலுரித்த பச்சைப் பட்டாணியை நசுக்கி ஊட்டினேன். மூன்று வாரத்தில் நிமிர்ந்து நீந்தியது. என் மனைவி, "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இப்படி கஞ்சி வச்சீங்களா?" என்றாள். பதில் சொல்லவில்லை. (சிரிப்பு)

மேலும் இரண்டு வருஷம் வாழ்ந்தது. 2021-ல் வயிறு உப்பி, செதில்கள் பலாப்பழ முள் மாதிரி சிலிர்த்து நின்றன. உடம்பில் சேரும் நீரைச் சிறுநீரகம் வெளியேற்றாவிட்டால் அப்படி ஆகும். அந்த நிலை வந்தால் மீள்வது அரிது. உப்பும் போட்டேன், கால்நடை மருத்துவரிடமும் கேட்டேன். மீன் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டது. கடைசியில் மருத்துவர் சொன்ன அளவில் கிராம்பு எண்ணெய் கலந்தேன். அதிலுள்ள யூஜினால் மீனுக்கு மயக்க மருந்து. அளவு கூடினால் மயக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். கை நடுங்கியது. செவுள் அசைவு நின்ற பிறகும் நெடுநேரம் பக்கத்திலேயே இருந்தேன்.

அன்றிரவு மகளிடம் பஞ்சு கதையைச் சொல்லிவிட்டேன். "தெரியும்ப்பா. அப்ப வீடியோவிலே பேசினப்போ பால்கனியிலே பஞ்சு காய்ஞ்சுக்கிட்டு இருந்ததே. நீங்களா சொல்லட்டும்னு இருந்தேன்" என்றாள்.

தம்பி தங்கைகளே! பரீட்சைக்குப் படித்தது பரீட்சையோடு போகும். ஒரு உயிரை வைத்துப் பார்க்கும்போதுதான் பாடம் புரிகிறது. தப்பு செய்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். என்னைப் போல் இரண்டு வருஷம் தள்ளாதீர்கள். அப்புறம், பில்டர் பஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்!