வரிசையில் நிற்பவர் கணக்கு

(கொரட்டூரில் மாணவர்களும் களப்பணியாளர்களும் கூடிய கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

 

தலைப்பைச் சொன்னவுடனேயே ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, ஆஸ்பத்திரி நிர்வாகத்தப் பத்திப் பேசறதுக்கு நமக்கு எதுக்குக் கூட்டம்? அது அதிகாரிங்க வேலையில்ல?" நியாயமான கேள்விதான். ஆனால் அந்த நிர்வாகம் நடப்பது நம்முடைய உடம்பின் மீது. அதன் கணக்கு நமக்குத் தெரியாதவரை, "ஆள் பத்தல, மருந்து வரல, நாளைக்கு வா" என்று சொல்லப்படும் ஒவ்வொரு வார்த்தையையும் இயற்கையின் சட்டம்போல ஏற்றுக்கொண்டு திரும்புவோம். அதனால்தான் இந்தப் பேச்சு.

நான் டாக்டர் அல்ல. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவன். அங்கே ஒரு லேத் இருபது நிமிசம் சும்மா நின்றால் சூப்பர்வைசர் ஓடிவருவார். ஏன் நின்றது, டூல் இல்லையா, சரக்கு வரவில்லையா என்று கேள்வி பறக்கும். மறுநாள் ஸ்டாப் வாட்சோடு ஒருவர் வந்து நிற்பார். அதே பேட்டையில் கூட்டிப் பெருக்கும் வேலை பார்த்தவர் என் சித்தி. அவர் ஆஸ்பத்திரி வரிசையில் நாலு மணி நேரம் நின்றார். அதை அளக்க எந்த வாட்சும் வரவில்லை. இரும்பின் நேரத்துக்கு விலை இருக்கிறது, சேரிக்காரியின் நேரத்துக்கு இல்லை.

சித்தி கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2009ஆம் வருசம். இரண்டு மாதமாக விடாத இருமல். நான் கோபமாகக் கேட்டேன், ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை என்று. "டேய் கண்ணு, போவலன்னா சொல்றே? மூணு தபா போய்ட்டு வந்தேன்டா. இருமல் மருந்து ஊத்திக் குடுத்து அனுப்பிட்டாங்க" என்றார். நாலாவது தடவைதான் சளிப் பரிசோதனை. காசநோய். மாத்திரை சாப்பிட ஆரம்பித்து ஐந்தாவது வாரம் இறந்துபோனார். அவருடைய சீட்டு என்னிடம் இருக்கிறது. எடை: 29 கிலோ என்று எழுதியிருக்கிறது. உயரம் எழுத வேண்டிய இடம் காலி.

நம் ஆட்கள் இறந்தால் சமூகம் தயாராக வைத்திருக்கும் பதில் ஒன்றுதான்: விழிப்புணர்வு இல்லை, அறியாமை, நேரத்துக்கு வருவதில்லை. இந்தப் பதிலை 60 வருசத்துக்கு முன்பே ஒரு ஆய்வு உடைத்துவிட்டது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

அந்த ஆய்வு முறைக்குப் பெயர் செயல்பாட்டு ஆய்வு, ஆபரேஷனல் ரிசர்ச். பிறந்தது போரில். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் பிளாக்கெட் என்ற இயற்பியலாளரும் அவர் குழுவினரும் விமான எதிர்ப்புப் பீரங்கிகளைக் கவனித்தார்கள். ஒரு விமானத்தை வீழ்த்த 20,000 குண்டுகள் வரை ஆகிக்கொண்டிருந்தது. ராடார், பீரங்கி, ஆள் எல்லாம் சேர்ந்து வேலை செய்கிற முறையைப் பார்த்துப் பார்த்துச் சீர் செய்ததில், 1941 கோடையில் அது 4,000 ஆகக் குறைந்தது. புதிய ஆயுதம் கண்டுபிடிப்பது ஒரு வேலை. இருக்கிற ஆயுதம் எப்படிப் பயன்படுகிறது என்று களத்தில் நின்று எண்ணுவது வேறொரு வேலை. இரண்டாவதுக்குத்தான் இந்தப் பெயர்.

அந்த வேலை நம் ஊரிலும் நடந்திருக்கிறது. 1956இல் சென்னையில் காசநோய் மருந்து சிகிச்சை மையம் ஒன்று தொடங்கப்பட்டது. இன்றைக்குச் சேத்துப்பட்டில் இருக்கும் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆரம்பம் அது. அன்று காசநோய் என்றால் சானடோரியத்தில் படுக்கை, பால், முட்டை, ஓய்வு. படுக்கைகளோ சொற்பம். நகரத்தின் ஏழைகளில் 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு சானடோரியத்திலும் மற்றவர்களுக்கு அவரவர் வீட்டிலும் ஒரு வருசம் ஒரே மருந்தைக் கொடுத்தார்கள். 1959இல் முடிவு வெளியானது. குடிசையில் நெருக்கடியில், குறைந்த சாப்பாட்டில் இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவுக்குக் குணமானார்கள். வீட்டில் இருந்தவர்களுக்குத் தொற்றும் அதிகமாகவில்லை. உலகம் முழுக்க சானடோரியம் மூடப்பட்டதற்குச் சென்னைக் குடிசைகளின் சாட்சியமும் ஒரு காரணம்.

அடுத்தது கர்நாடகத்தின் துமகூரு மாவட்டம். பெங்களூரில் 1959இல் தொடங்கிய தேசியக் காசநோய் நிறுவனத்தைச் சேர்ந்த பானர்ஜியும் ஆண்டர்சனும் 1963இல் வெளியிட்ட ஆய்வு. கிராமங்களில் எக்ஸ்ரே, சளிப் பரிசோதனை செய்து நோயாளிகளைக் கண்டுபிடித்த பிறகு, அவர்களிடமே போய்க் கேட்டார்கள்: உனக்கு உடம்பு சரியில்லை என்று தெரியுமா? என்ன செய்தாய்? பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே சிகிச்சை தேடிப் போயிருந்தார்கள். போன இடத்தில் இருமல் மருந்து கொடுத்துத் திருப்பியனுப்பப்பட்டிருந்தார்கள்.

தோழர்களே, என் சித்தி சொன்ன அதே வாக்கியம். அவர் சொன்னது 2009இல். ஆய்வு வந்தது 1963இல்.

கவனியுங்கள். ஆஸ்பத்திரிப் பதிவேட்டை மட்டும் பார்த்திருந்தால் இந்த உண்மை கிடைத்திருக்காது. பதிவேட்டில் அவர்கள் "இருமல், மருந்து கொடுக்கப்பட்டது". அவ்வளவுதான். விரட்டப்பட்டவரிடம் போய்க் கேட்டபோதுதான் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் மாறினார். வரலாறு எழுதும்போது நாம் எந்தக் கேள்வியைக் கேட்கிறோமோ, அதே கேள்வியைத்தான் இங்கே கேட்டிருக்கிறார்கள்.

இனி வரிசைக்கு வருவோம். ஒரு டாக்டர், ஒரு நோயாளிக்குச் சராசரி 5 நிமிசம் என்று வையுங்கள். மணிக்கு 12 பேரைப் பார்க்கலாம். மணிக்குச் சராசரி 10 பேர் முன்னே பின்னே வருகிறார்கள். 12 பேருக்கு இடம் இருக்கும்போது 10 பேர்தானே, காத்திருக்க வேண்டியதே இல்லை என்று தோன்றும். கணக்கு அப்படிச் சொல்லவில்லை. வருகையும் பார்க்கும் நேரமும் ஒழுங்கில்லாமல் கூடிக்குறைவதால், சராசரிக் காத்திருப்பு 25 நிமிசம் ஆகும். மணிக்கு ஒரே ஒரு ஆள் கூடி 11 பேர் ஆனால் 55 நிமிசம். 12 ஆனால் வரிசை வளர்ந்துகொண்டே போகும். கோபன்ஹேகன் டெலிபோன் நிலையத்துக்காக எர்லாங் என்பவர் 1909இல் தொடங்கி வைத்த கணக்கு வழி இது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? டாக்டர் ஒரு நிமிசமும் சும்மா இருக்கக் கூடாது என்று அமைத்த இடத்தில் நோயாளி மணிக்கணக்கில் நிற்பார். இரண்டும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு பக்கம். 1952இல் பெய்லி என்ற கணிதவியலாளர் பிரிட்டிஷ் ஆஸ்பத்திரிகளின் வெளிநோயாளிப் பிரிவை ஆராய்ந்தபோது இதைத்தான் எடைபோட்டார்: டாக்டரின் ஒரு நிமிசத்துக்கு நோயாளியின் எத்தனை நிமிசத்தைக் கொடுக்கலாம்? இந்தக் கேள்விக்குக் கணிதத்தில் பதில் கிடையாது. எதைக் குறைக்க வேண்டும் என்று முதலில் யாரோ முடிவு செய்கிறார்கள், அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்குகிறது. முடிவு செய்கிற அந்த மேசையில் நாம் இருக்கிறோமா? அரசியல் அங்கேதான் இருக்கிறது.

சில மாணவர்கள் சொல்வார்கள்: நகரத்தில் ஆஸ்பத்திரி வரிசையில் யாரும் சாதி கேட்பதில்லை என்று. கேட்க வேண்டியதே இல்லையே! விடியற்காலை துடைப்பத்தோடு தெருவில் நிற்க வேண்டியவர் யார் என்பதைச் சாதி ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது. ஆறு மணிக்கு மஸ்டரில் கைநாட்டு. வேலை முடிந்து வரும்போது புறநோயாளிச் சீட்டு கொடுக்கும் ஜன்னல் மூடியிருக்கும். காலையில் போனால் அரை நாள் கூலி போச்சு, சில இடத்தில் வேலையே போச்சு. யாரும் யாரையும் திட்டவில்லை, தீண்டாமை என்று வழக்குப் போடவும் முடியாது. ஆனால் திறக்கும் நேரமும் மூடும் நேரமும் எழுதிய அந்தப் பலகையே வேலியாகிவிடுகிறது.

இந்தக் கணக்கைத் திருப்பியும் போடலாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வருகிறவருக்கு அது வசதி. இன்னொரு பலனும் உண்டு. மாத்திரைக்காக மட்டும் வரிசையில் நிற்பவர் மணிக்கு ஒருவர் குறைந்தாலே, நம் உதாரணத்தில் 55 நிமிசம் 25 ஆகிறது. இருமலோடு வந்தவரை நின்று விசாரிக்க நேரம் கிடைக்கிறது.

மருந்தும் அப்படித்தான். 1994இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அமைக்கப்பட்டது. மொத்தமாகக் கொள்முதல், தரப் பரிசோதனை, மாவட்டக் கிடங்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். எது எவ்வளவு செலவாகிறதோ அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம். ஸ்டோர் கீப்பரான எனக்கு இதில் அதிசயம் எதுவும் இல்லை. பட்டறையில் போல்ட்டுக்கும் நட்டுக்கும் நாங்கள் எழுதிய பின் கார்டு உயிர் காக்கும் மருந்துக்கு வர இவ்வளவு காலம் ஆனதுதான் அதிசயம்.

இப்போது சித்தியின் சீட்டுக்குத் திரும்புகிறேன். இங்கிருந்து கூப்பிடு தூரத்தில் அயப்பாக்கத்தில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கிறது. ஆவடியில் இருந்த தொழுநோய்க் களப்பிரிவையும் சென்னையில் இருந்த மருத்துவப் புள்ளியியல் நிறுவனத்தையும் இணைத்து 1999இல் உருவானது. அந்த நிறுவனத்தோடு சேர்ந்து தமிழ்நாடு அரசு 2022 ஏப்ரலில் 'காசநோய் இறப்பில்லாத் திட்டம்' தொடங்கியது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சையின் ஆரம்ப வாரங்களில் நடக்கிறது. ஆகவே நோய் கண்ட அன்றே சில அளவுகள்: எடை, உயரம், காலில் வீக்கம், மூச்சின் வேகம், ரத்தத்தில் ஆக்சிஜன், பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து வரும் எண் 14 அல்லது அதற்குக் கீழே என்றால் அபாயம். உடனே டாக்டர் முழுமையாகப் பார்த்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

சித்தியின் உயரம் எனக்குத் தெரியும். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவு, 150 சென்டிமீட்டர். 29ஐ 2.25ஆல் வகுத்துப் பாருங்கள். 12.9.

இதற்குத் தராசும் அளவு நாடாவும் போதும். எடையை எழுதியவர் கெட்டவரும் அல்ல. இந்த எண் வந்தால் இதைச் செய் என்று அவருக்கு யாரும் விதி வகுத்துக் கொடுக்கவில்லை. எழுதி வைத்த எண்ணை ஒரு படுக்கையாக மாற்றுவதுதான் செயல்பாட்டு ஆய்வு. 1959 ஆய்வு வீடு போதும் என்று சொன்னது உண்மைதான். ஆனால் அன்று வீடு தேடி வந்து பார்க்கவும், மாத்திரையை எண்ணவும் ஆள் இருந்தது. வீடு போதும் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு அந்த ஆளை மறந்துவிட்டால், அது ஏழையை ஏழையிடமே ஒப்படைத்துவிட்டுக் கைகழுவுவதாகும்.

சாப்பாட்டுக்கும் கணக்கு வந்துவிட்டது. ஜார்க்கண்டில் நோயாளி குடும்பங்களுக்கு உணவுப் பொருள் கொடுத்து நடந்த ஆய்வு 2023இல் வெளியானது. சத்துணவு கிடைத்த குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. அரசு 2018 முதல் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பர் முதல் 1,000 ரூபாய். அது கைக்கு வருகிறதா, எந்த மாதம் வருகிறது என்று எண்ண வேண்டியது நாம்.

எப்படி எண்ணுவது? ஒரு வாரம், இரண்டு பேர், ஒரு நோட்டு. சுகாதார நிலைய வாசலில் நான்கு விவரம்: வந்த நேரம், டாக்டரைப் பார்த்த நேரம், மருந்து வாங்கிய நேரம், பார்க்காமலே திரும்பியவர் எத்தனை பேர். பிறகு நம் தெருக்களில் போய், போகாதவர்களிடம் கேளுங்கள்: ஏன் போகவில்லை, போனபோது என்ன சொன்னார்கள். யார் பெயரையும் எழுத வேண்டாம். காசநோய் என்று தெரிந்தால் வேலையும் வாடகை வீடும் போகிற ஊர் இது. நம் நோட்டு நம் ஆட்களையே காட்டிக்கொடுக்கக் கூடாது. எந்த மருந்து எத்தனை நாள் இல்லை என்று 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். இரண்டையும் சேர்த்து ஏரியா சபையில் வையுங்கள். சராசரியை மட்டும் சொல்லாதீர்கள். சராசரிக்குள் நம்மைப் புதைப்பது சுலபம். அதிகம் நின்றவர் யார், அவர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லுங்கள்.

அண்ணல் அம்பேத்கர் 1918இல் இந்தியாவின் சிறு நில உடைமை பற்றி எழுதினார். நிலத்துண்டு சின்னது என்பதே நோய் என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தபோது, நிலத்தின் அளவைத் தனியாகப் பார்க்காதே, அதோடு சேரும் உழைப்பும் மூலதனமும் என்ன விகிதத்தில் இருக்கின்றன என்று பார் என்றார். பழி சொல்லப்படும் இடத்தை விட்டுவிட்டு முழு ஏற்பாட்டையும் கணக்கில் எடுத்தார். கணக்கு அவருக்குப் போராட்டக் கருவி. நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

அடுத்த வாரம் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு யார் யார் வருகிறீர்கள் என்று இப்போதே கையைத் தூக்குங்கள். நோட்டு நான் வாங்கி வருகிறேன்.